படகு மெத்தைக்கு நாங்களே உறை தைச்சது: ஒன்பது குஷன், ஒரு பழைய மெஷின், அடியில இருந்த ஈரம்

ஒரு நாள் காலைல முன் கேபின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தப்பதான் விஷயமே தெரிஞ்சுது. மேல பார்த்தா ஒண்ணும் இல்ல, கொஞ்சம் வெளுத்த துணி, அங்கங்க தையல் விட்டிருக்கு, அவ்ளோதான். ஆனா அடியில துணி முழுக்க கருப்புப் புள்ளி, கையை வச்சா சில்லுன்னு ஈரம், அதுக்குக் கீழ இருக்கிற பிளைவுட் மூடியில தண்ணி முத்து முத்தா நிக்குது. நாங்க ரெண்டு பேரும் இந்தப் படகுலயே குடியிருக்கோம், 11 மீட்டர் நீளம், ஒரே பாய்மரம், முன்னாடி ஒரு கேபின், நடுவுல சலூன்னு சொல்ற உக்கார்ற அறை, பின்னாடி ஒரு ஓரப் படுக்கை, மொத்தம் ஒன்பது குஷன். அந்த ஒன்பதையும் நாங்களே பிரிச்சு அளந்து வெட்டி தைச்சோம். இதுல எது சரியா வந்துச்சு எது தப்பா போச்சுங்கிறதை முழுசா எழுதி வச்சா, இதே வேலையைக் கையில எடுக்கப் போறவங்களுக்கு உதவும்னு தோணுச்சு.

"ஏங்க, மேல ஹேட்ச் ஒழுகுது போல"ன்னு மனைவி சொன்னா. ஹேட்ச்னா மேல்தளத்துல திறந்து மூடற ஜன்னல். எனக்கும் அதே சந்தேகம்தான். நக்கிப் பார்த்தா உப்பு இல்ல, நல்ல தண்ணி. அப்போ கடல்தண்ணி உள்ள வரல, அது வரைக்கும் நிம்மதி. மழையா இருக்கலாம்னு ஹேட்ச் விளிம்பு, மேல்தள போல்ட்டு எல்லா இடத்துலயும் டிஷ்யூ பேப்பர் ஒட்டி வச்சோம், பத்து நாள் மழையே இல்ல, டிஷ்யூ எல்லாம் காய்ஞ்சே இருந்துச்சு, மெத்தை அடி மட்டும் தினமும் காலைல ஈரம். அதுல கவனிச்ச ஒண்ணு என்னன்னா, ஈரம் நாங்க படுக்கிற இடத்துக்கு நேர் கீழதான் இருந்துச்சு, தோள் இடுப்பு வர்ற இடத்துல அதிகம், கால்மாட்டுல கம்மி. யாரும் படுக்காத ஓரப் படுக்கை அடியில கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. அப்பதான் புரிஞ்சுது, இந்தத் தண்ணியை நாங்கதான் கொண்டு வர்றோம்.

மனுஷன் தூங்கும்போது மூச்சுலயும் தோல்லயும் ஒரு ராத்திரிக்கு சுமார் கால் லிட்டர் தண்ணி ஆவியா வெளிய போகுது. ரெண்டு பேர்னா அரை லிட்டர். அதுல ஒரு பங்கு ஃபோம் வழியா கீழ இறங்குது, கீழ இருக்கிறது லாக்கர் மூடி, லாக்கர்னா படுக்கைக்கு அடியில சாமான் வைக்கிற பெட்டி, அதுக்கு வெளிச்சுவர் படகோட ஹல்தான், அதாவது படகோட வெளி உடம்பு, அதுக்கு அந்தப் பக்கம் கடல். கேபின் காத்து 25 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வச்சுக்கோங்க, அந்தக் காத்து சுமார் 21 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துளி படிய ஆரம்பிச்சிடும். கடல் 20 டிகிரியா இருந்தா மூடியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கும், அப்போ வேற எந்த ஓட்டையும் தேவையில்ல, மெத்தைக்கு அடியில தினமும் பனி பெய்யும். எங்க பழைய உறையில இன்னொரு தப்பு, அடிப்பக்கத்துக்கு வினைல் பூசின துணி போட்டிருந்தாங்க, ஈரம் ஃபோமை நனைக்காதுன்னு நினைச்சுப் போட்டிருப்பாங்க போல, ஆனா மேல இருந்து இறங்கின ஈரம் வினைல் மேல வந்து நின்னுடுது, வெளிய போக வழியில்லாம ஃபோமுக்குள்ளயே ஊறுது.

இதோட உப்பும் சேர்ந்துக்குது. உப்புங்கிறது காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நனைஞ்ச நிக்கர்ல வந்து ஒரு தடவை உக்காந்தா போதும், தண்ணி காய்ஞ்சுடும், உப்பு அங்கயே இருக்கும், அடுத்த ஈரமான ராத்திரி அந்த இடம் திரும்ப நசநசன்னு ஆகும். எவ்ளோ வெயில்ல போட்டாலும் சரியாகாது, நல்ல தண்ணியில அலசினாத்தான் போகும். படகுல நல்ல தண்ணி எவ்ளோ பெரிய விஷயம்னு படகுல இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அதனால சுலபமா கழட்டி அலசிக் காயப் போட்டுத் திரும்ப மாட்டுற மாதிரி உறை இருக்கணும்ங்கிறது அன்னிக்கே முடிவாயிடுச்சு. அதுக்கப்புறம் எடுத்த ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரே கேள்வியை வச்சுத்தான் பார்த்தோம்: இது காயுமா?

சலூன் குஷன் கதை வேற. அங்க பூஞ்சை கம்மி, ஆனா உக்காந்தா நேரா பலகைல போய் முட்டுது, ஓரத்தையல் எல்லாம் பிளந்திருக்கு, ஜிப் நகரவே மாட்டேங்குது. பிரிச்சுப் பார்த்தப்ப துணியைக் கிழிக்கப் பார்த்தேன், கிழியல, அவ்ளோ உறுதி. நூலை விரல்ல சுத்தி இழுத்தா சாம்பல் மாதிரி பொடியாகுது. ஜிப்போட பிளாஸ்டிக் பல்லு புதுசு மாதிரி இருக்கு, ஆனா ஓடுற தலை மட்டும் உலோகம், பச்சை பூத்து இறுகிப் போச்சு. ஆக துணி நல்லா இருக்கும்போதே நூலும் ஒரு சின்ன ஜிப் தலையும் போய் மொத்தக் குஷனையும் உபயோகமில்லாம ஆக்கிடுச்சு. இதை நான் ரொம்ப நேரம் கையில வச்சுப் பார்த்துட்டே இருந்தேன், ஏன்னா துணி தேர்ந்தெடுக்கத்தான் எல்லாரும் வாரக்கணக்குல யோசிப்பாங்க, நூலை யாரும் கண்டுக்க மாட்டாங்க.

என்ன வாங்கினோம், ஏன்

ஃபோம்ல முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, அடர்த்தி வேற கெட்டித்தனம் வேற. அடர்த்திங்கிறது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ, அதான் ஃபோம் எத்தனை வருஷம் உழைக்கும்னு சொல்லும். கெட்டித்தனத்தை ஐஎல்டின்னு ஒரு எண்ல சொல்லுவாங்க, 4 இஞ்ச் ஃபோம் மேல 50 சதுர இஞ்ச் வட்டத் தட்டை வச்சு 25 சதவீதம், அதாவது 1 இஞ்ச் அமுக்க எத்தனை பவுண்டு விசை வேணும்ங்கிறதுதான் அந்த எண். அடர்த்தி கம்மியான ஃபோமைக்கூட கெட்டியா செய்ய முடியும், கடைல அமுக்கிப் பார்த்தா நல்லாத்தான் இருக்கும், கொஞ்ச நாள்ல தொளதொளன்னு ஆயிடும். படகுல அடியில ஸ்பிரிங் கிடையாது, நேரா பலகை, அதனால வீட்டு சோபாவுக்குப் போடறதைவிட கெட்டியாத்தான் போடணும். உக்கார்ற குஷனுக்கு ஐஎல்டி 45 பக்கமும் படுக்கிறதுக்கு 35 பக்கமும் எடுத்தோம், ரெண்டுமே கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி, 10 சென்டிமீட்டர் கனம்.

மூடின அறை ஃபோம்னு ஒரு வகை இருக்கு, உள்ள குமிழி எல்லாம் தனித்தனியா மூடியிருக்கும், தண்ணி உள்ளயே போகாது, மிதக்கும், காக்பிட்ல வெளிய உக்காரப் போடறதுக்கு அருமை, ஆனா படுத்தா பலகை மாதிரி இருக்கும். வலை மாதிரி பெரிய ஓட்டை உள்ள ஃபோம் இன்னொண்ணு, ஊத்தின தண்ணி அப்படியே கீழ இறங்கிடும், அதுவும் வெளிய போடத்தான் சரி. உள்ளுக்கு சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் போதும். ஒரே ஒரு விஷயத்துல மட்டும் அலட்சியம் வேண்டாம்னு கேட்டுக்கறேன், பாலியூரித்தேன் தீப்பிடிச்சா ரொம்ப வேகமா எரியும், அதுல வர்ற புகைல கார்பன் மோனாக்சைடோட ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும், படகு மாதிரி ஒரே ஒரு வாசல் உள்ள இடத்துல அது உயிர் போற விஷயம். தீ தாங்கற மாதிரி செஞ்ச ஃபோமா கேட்டு வாங்குங்க, அடுப்புப் பக்கத்துல எந்தக் குஷனும் வராம பார்த்துக்கோங்க.

துணிக்கு ரொம்ப யோசிச்சோம். பருத்தி உடம்புக்கு சுகம்தான், ஆனா பூஞ்சைக்கு அது சாப்பாடு. வினைல் துடைக்க சுலபம், ஆனா வேர்வையில தொடை ஒட்டும், மூச்சு விடாது. கடைசில அக்ரிலிக், சன்பிரெல்லா மாதிரி நூல் நூற்கிறதுக்கு முன்னாடியே கரைசல்லயே நிறம் சேர்க்கிற வகை. மஞ்சள் கிழங்கை எங்க உடைச்சாலும் உள்ள மஞ்சளா இருக்கிற மாதிரி இழை முழுக்க நிறம் இருக்கும், அதனால ஜன்னல் வழியா விழுற வெயிலுக்கு அவ்ளோ சீக்கிரம் வெளுக்காது. பூஞ்சை இந்த இழையைத் தின்னாது, ஆனா மேல படிஞ்ச அழுக்குல வளரும், அதை மறந்துடக் கூடாது. வளர்ந்துட்டா பிளீச் கலந்த தண்ணியில கழுவலாம், நிறம் போகாது. அகலம் 137 சென்டிமீட்டர்.

நூல் பாண்டட் பாலியஸ்டர், அதாவது இழைகளை ஒட்டிச் சேர்த்தது, வி-69ங்கிற தடிமன், 16-ஆம் நம்பர் ஊசி. வி-92 இன்னும் தடி, அதுக்கு 18-ஆம் நம்பர் ஊசி வேணும், வெளிய வெயில்ல நிக்கிற கேன்வாசுக்கு அது நல்லது, வீட்டு மெஷின் பாபின்ல அது ஒழுங்கா ஓடறது கஷ்டம். நைலான் நூல் உறுதிதான், ஆனா வெயில் பட்டா சீக்கிரம் போயிடும். வெயிலுக்கு அசையாத நூல்னா டெனாரா மாதிரி பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூல்தான், அது விலையிலயும் வழுக்கறதுலயும் ஒரு தனி ரகம், உள்ள போடற குஷனுக்கு அது தேவையே இல்ல. ஜிப் 10-ஆம் நம்பர் பிளாஸ்டிக் பல்லு, ஓடுற தலையும் பிளாஸ்டிக். இதுல மட்டும் சமரசம் கிடையாதுன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டேன்.

மெஷின் எங்ககிட்ட இருந்தது ஒரு பழைய முழு இரும்பு வீட்டு மெஷின், நேர்த்தையல் மட்டும்தான், கைச்சக்கரம் மாட்டியிருந்தோம். மேல் காலும் கீழ்ப்பல்லும் சேர்ந்தே துணியை நகர்த்துற வாக்கிங் ஃபுட் மெஷின்தான் இந்த வேலைக்குன்னே பிறந்தது, அது இருந்தா சந்தோஷம். இல்லாமலும் முடியும், ஆனா சில வேலை கூடுதலா செய்யணும், அதைக் கீழ சொல்றேன்.

அளவு எடுக்கறதுல விட்ட கோட்டை

முதல் குஷனுக்கு பழைய உறையைப் பிரிச்சு அதையே விரிச்சு வச்சு வரைஞ்சு வெட்டினேன். தையல் தெரிஞ்ச யாரும் ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட் வச்சு வெட்டறது சகஜம்தானே, அதே நினைப்பு. தைச்சு மாட்டினா ஒரு பக்கம் 3 சென்டிமீட்டர் அதிகம், மெத்தை மேல தோல் சுருங்கின மாதிரி மடிப்பு மடிப்பா நிக்குது. வருஷக்கணக்கா உக்காந்து உக்காந்து பழைய துணி இழுத்துப் போயிருக்கு, உள்ள ஃபோம் சுருங்கியிருக்கு, ரெண்டுமே உண்மையான அளவு இல்ல. அளவு இருக்கறது படகுலதான்.

அப்புறம் தடியான கண்ணாடிப் பிளாஸ்டிக் ஷீட்டை படுக்கை மேல விரிச்சு, நாலு பக்கமும் டேப் போட்டு, பலகை எங்க முடியுது ஹல் எங்க தொடுதுன்னு மார்க்கர்ல வரைஞ்சோம். இதுல படகுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு. ஹல் நேரா ஏறாது, வெளிப்பக்கமா சாஞ்சு ஏறும், அதனால குஷனோட மேல்தகடு (மேல்பக்கத் துணி) கீழ்த்தகடைவிட (அடிப்பக்கத் துணி) அகலமா இருக்கணும், பக்கவாட்டு சரிவா வரணும். ஒரே ஷீட்ல அளவெடுத்தா பத்தாது, பலகை மட்டத்துல ஒண்ணு, அதுக்கு 10 சென்டிமீட்டர் மேல ஒண்ணுன்னு ரெண்டு எடுக்கணும். நாங்க நாலு மூலையிலயும் 10 சென்டிமீட்டர் மரக்கட்டை வச்சு அது மேல ஷீட்டை இழுத்துக் கட்டி மேல் அளவை எடுத்தோம். முன் கேபின்ல மேலுக்கும் கீழுக்கும் ஒரு இடத்துல 6 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்துச்சு, பழைய குஷன்ல இதை யாரும் பார்க்கல, அதான் அந்த ஓரத்துல எப்பவும் ஒரு இடுக்கு, போர்வை எல்லாம் அதுக்குள்ள போய் மாட்டும்.

"ஏங்க, இடப்பக்க ஷீட்டை வலப்பக்கம் திருப்பி வச்சா ஒத்தே வரலயே"ன்னு மனைவி கூப்பிட்டு காட்டினா. உண்மைதான், ரெண்டு பக்கமும் கண்ணுக்கு ஒண்ணு மாதிரி இருக்கு, ஆனா 1.5 சென்டிமீட்டர் வித்தியாசம். படகுல எதுவும் கண்ணாடில பார்த்த மாதிரி சரிபாதியா இருக்கும்னு நம்பாதீங்க. ஒவ்வொரு ஷீட்லயும் மேல், கீழ், முன், பின், இடம், வலம் எல்லாம் எழுதச் சொன்னது அவதான். அப்படி எழுதியும் நான் ஒரு இடத்துல விட்டேன். சாய்மானக் குஷன் ரெண்டுக்கும் ஷீட்டைத் திருப்பாம ஒரே பக்கமா வச்சு வெட்டிட்டேன். ரெண்டும் இடப்பக்கத்துக்குத்தான் வந்துச்சு. எங்க துணிக்கு முன்பக்கம் நெசவு எடுப்பா தெரியும் பின்பக்கம் மங்கல், திருப்பிப் போடவும் வழியில்ல. அந்தத் துண்டை அப்புறம் பக்கவாட்டுப் பட்டிக்கும், தையல் ஓரத்துல கயிறு மாதிரி வைக்கிற பைப்பிங்குக்கும் வெட்டிக்கிட்டோம், ஆனா ஒரு பெரிய மேல்தகடுக்கான துணி போனது போனதுதான். அதுக்கப்புறம் எல்லாத் துண்டையும் துணி மேல வரைஞ்சு முடிச்சு, மறுநாள் காலைல வேற ஆள் ஒரு தடவை பார்த்த பிறகுதான் கத்தரிக்கோல் எடுக்கிறதுன்னு வச்சுக்கிட்டோம்.

துணிக் கணக்கை அவ கிராஃப் பேப்பர்ல பத்துல ஒரு பங்கா வரைஞ்சு போட்டா. ஒவ்வொரு துண்டுக்கும் பாவு ஓடுற திசைக்கு அம்புக்குறி, தையலுக்கு 1.5 சென்டிமீட்டர் விடறது, பக்கப் பட்டி 13 சென்டிமீட்டர். துண்டு துண்டா கணக்குப் போட்டதைவிட ஒரே தாள்ல எல்லாத்தையும் அடுக்கினதுல நிறைய மிச்சமாச்சு.

ஃபோம் வெட்டறது பயந்த அளவுக்கு இல்ல. ரம்பப்பல்லு உள்ள நீளமான ரொட்டிக் கத்தி, அழுத்தாம லேசா இழுத்து இழுத்து அறுக்கணும், அழுத்தினா ஃபோம் அமுங்கி வெட்டு வளைஞ்சுடும். மேல ஒரு கோடு கீழ ஒரு கோடு வரைஞ்சு, ரெண்டையும் பார்த்துக்கிட்டே கத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சா சரிவு தானா வந்துடும். உறை அளவைவிட சுத்திலும் 1 சென்டிமீட்டர் அதிகமா வெட்டினோம், அப்பதான் உறை விறைப்பா நிக்கும். இதை டெக்ல, அதாவது மேல்தளத்துல வச்சு வெட்டாதீங்க, பொடி எல்லாம் காத்துல பறந்து கடலுக்குப் போகும், அது அங்கயேதான் கிடக்கும். நாங்க உள்ள உக்காந்து வெட்டி மொத்தப் பொடியையும் பையில அள்ளினோம். ஆனா ஃபோம் மேல பாலியஸ்டர் பஞ்சு ஒட்டறதுக்கு அடிக்கிற ஸ்பிரே பசை மட்டும் கண்டிப்பா வெளியதான், அந்த ஆவி காத்தைவிட கனம், போய் படகோட அடித்தொட்டியில தங்கும், ஒரு பொறி போதும்.

தைச்ச விதம்

மெஷினை சலூன் மேசைல சி-கிளாம்ப் ரெண்டு போட்டு இறுக்கி, கீழ வழுக்காத ரப்பர் பாய். நங்கூரம் போட்டு நிக்கும்போதுதான் தைச்சோம், அப்பவும் பக்கத்துல ஏதாவது படகு வேகமா போனா அலை வந்து ஆட்டும், அந்த நேரம் ஊசியைத் துணிக்குள்ள இறக்கி நிறுத்திட்டு சும்மா உக்காந்துடணும். ஒரு தடவை நிறுத்தாம ஓட்டினேன், துணி இழுத்து ஊசி வளைஞ்சு தகட்டுல அடிச்சு உடைஞ்சு கண்ணாடில வந்து பட்டுச்சு. கண்ணாடி போட்டிருந்தேன். கைச்சக்கரம் இந்த வேலைக்கு மோட்டரைவிட எவ்வளவோ மேல்னு எனக்குத் தோணுது, தடியான மூலையில ஒவ்வொரு தையலா எண்ணிப் போடலாம், பேட்டரி கணக்கும் பார்க்க வேண்டாம்.

ரெண்டு மீட்டர் நீளத் துணி மேசையைத் தாண்டித் தொங்கும்போது அந்தக் கனம் ஊசியை இழுக்கும், தையல் கோணல் ஆகும். மனைவி எதிர்ப்பக்கம் உக்காந்து துணியை மடியில ஏந்திக்கிட்டா, நான் கையால தள்ளவே இல்ல, வழி மட்டும் காட்டினேன். நேர்த்தையல் மெஷின்ல இன்னொரு பிரச்சனை, கீழ்த்துணியைப் பல்லு இழுத்துட்டுப் போகும், மேல்துணி பின்தங்கும். ரெண்டு மீட்டர் போனா கடைசில ஒண்ணரை சென்டிமீட்டர் மேல்துணி மிச்சமா நிக்கும். அதைக் கடைசில இழுத்துச் சரி பண்ணக் கூடாது. 6 மில்லிமீட்டர் அகல இரட்டைப்பக்க டேப்பை ஓரத்துல ஒட்டி ரெண்டு துணியையும் முதல்லயே சேர்த்துடணும், பிரஷர் ஃபுட் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கணும், தையல் நீளம் 4 மில்லிமீட்டர். டேப் பசை ஊசில ஏறி நூல் தாண்டும், அப்பப்ப ஊசியைத் துடைச்சுக்கணும்.

இனி மூலை. ஒரு குஷன் கடைல வாங்கின மாதிரி இருக்கா இல்லையாங்கிறது மூலையிலதான் தெரியும். பட்டியைத் தகடோட தைச்சுட்டு வரும்போது மூலைக்கு 5 சென்டிமீட்டர் முன்னாடி நிறுத்திடுவேன். பட்டியோட ஓரத்துல, தையல் கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் விட்டு, 1 சென்டிமீட்டருக்கு ஒண்ணா நாலஞ்சு வெட்டு. வெட்டின உடனே அந்த ஓரம் விசிறி மாதிரி விரியும், வளைவுல சுருக்கம் இல்லாம படுக்கும். ரெண்டு தையல், ஊசி கீழ, ஃபுட்டைத் தூக்கி துணியை இம்மி திருப்பி, ஃபுட் இறக்கி திரும்ப ரெண்டு தையல். பைப்பிங்கும் சேர்ந்தா அந்த இடத்துல ஆறு மடிப்பு துணி நிக்கும், கைச்சக்கரத்தை உள்ளங்கையால பிடிச்சு மெல்லத் தள்ளினா "டுக்"னு ஊசி இறங்கற சத்தம் கேட்கும். பைப்பிங்குக்குத் துணியை கிராஸா வெட்டினாத்தான் வளைவுல வழுவழுன்னு போகும், நேரா வெட்டினா மூலையில முறுக்கிக்கும்.

முதல் தகடு சுத்தி தைச்சு முடிச்சதும் நேரா ரெண்டாவது தகடுக்குப் போயிடாதீங்க. ஒவ்வொரு மூலையிலயும் பட்டியை நேர்க்குறுக்கா மடிச்சு, எதிர் ஓரத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போடணும், அந்தக் கோடு ரெண்டாவது தகடோட மூலையில போய் உக்காரணும். இந்தக் குறி இல்லாம கண்ணளவுல தைச்சா மொத்தக் குஷனும் பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிக்கும், ஃபோம் போட்டு முடிச்ச பிறகுதான் தெரியும், அப்புறம் பிரிக்கிறது தவிர வழியில்ல. நீளமான பக்கத்துல நடுவுலயும் அரை மீட்டருக்கு ஒரு குறி வச்சோம். சரிவு உள்ள பக்கத்துல மேலும் கீழும் நீளம் ஒண்ணா இருக்காது, அங்க பட்டியையே ஷீட்ல அளந்து தனியா வெட்டினோம்.

ஜிப் பின்பக்கத்துல, ரெண்டு மூலையையும் தாண்டி 10 சென்டிமீட்டர் திரும்பற மாதிரி நீளமா வச்சோம். பின்பக்க நீளத்துக்கு மட்டும் வச்சா ஃபோமை உள்ள தள்ளறப்ப ஓரத்துல தையல் கிழியும், கழட்டறதும் பெரும்பாடு, கழட்டக் கஷ்டமா இருந்தா யாரும் அலச மாட்டாங்க. ஃபோம் நுழைக்க மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்ல சுத்தி, வாக்குவம் கிளீனர் குழாயை உள்ள விட்டு காத்தை இழுத்தா ஃபோம் அப்பளமா அமுங்கும், உறைக்குள்ள வழுக்கிட்டுப் போகும், குழாயை எடுத்தா மெல்ல ஊதி நிறையும். உள்ள போனதும் ஷீட்டை உருவி எடுத்துடணும். அப்படியே விட்டா பழைய வினைல் கதைதான்.

அடிப்பக்கம்

அடித்தகடுக்கு அக்ரிலிக் போடல, வினைல் பூசின பாலியஸ்டர் வலை போட்டோம், வெளிய நாற்காலிக்குப் போடுவாங்களே அந்த மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கிற கண்ணித்துணி. ஈரம் நிக்காது, அதோட கொஞ்சம் சொரசொரப்பு இருக்கிறதால படகு சாஞ்சு ஓடும்போது குஷன் வழுக்கறதும் குறையும். ஆனா வலை மட்டும் பத்தாது, வலைக்குக் கீழ பலகை ஒட்டி இருந்தா காத்து எங்க போகும்? லாக்கர் மூடியில எல்லாம் 25 மில்லிமீட்டர் ஓட்டை வரிசையா போட்டு, ஓரத்தை எபாக்ஸி பூசி அடைச்சு, மேல 1.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு சுருள் சுருளா நிக்கிற காத்தோட்டப் பாய் விரிச்சோம். மரப்பட்டை அடிச்சாலும் இதே பலன்தான். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவுல காத்து நடக்கணும், அவ்ளோதான் வேணும்.

பிரிச்சதுல இருந்து கடைசிக் குஷன் வரைக்கும் ஏழு வாரம் ஆச்சு, பயணம் போன நாளைக் கழிச்சு. மிச்ச துணியில படுக்கைக்கு லீ கிளாத்தும் தைச்சேன், படகு சாயும்போது தூங்கறவங்க உருண்டு விழாம தடுக்கிற துணித்தடுப்பு, அதோட கீழ் ஓரம் மெத்தைக்கு அடியில பலகைல திருகிடும், மேல் ஓரம் கயித்துல கட்டும். அதுக்கு மட்டும் ஓரத்தை ரெண்டு மடிப்பு மடிச்சு மூணு வரி தையல், ஒரு ஆளோட முழு எடையும் ராத்திரியில திடீர்னு அதுல விழும்.

14 மாசம் ஆச்சு இப்ப. முன் கேபின் மெத்தையை வாரத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்கறோம், பலகை காய்ஞ்சு கிடக்கு, வலைல ஒரு புள்ளி இல்ல. சலூன் உறையை ரெண்டு தடவை கழட்டி அலசியாச்சு, மழை வந்தப்ப டெக்லயே, ஜிப் ஒரு கையால திறக்குது. ஃபோம் இன்னும் பலகைல முட்டல. மூலைத் தையல் ஒண்ணு மட்டும் பிளந்துச்சு, நான் வெட்டு போட்டப்ப தையல் கோட்டுக்கு ரொம்பக் கிட்ட போயிருக்கேன், அரை மணி நேரத்துல திரும்ப தைச்சாச்சு.

தப்பு நடந்தது ஓரப் படுக்கைல. யாரும் படுக்கறதில்ல, ஈரமும் இல்லன்னு அதுக்கு மட்டும் காத்தோட்டப் பாய் போடல, வலைத்துணி பத்தாம அடியிலயும் அக்ரிலிக்கே வச்சு முடிச்சேன். அப்புறம் கூட ஒருத்தர் ஆறு வாரம் பயணம் வந்தாங்க, அங்கதான் படுத்தாங்க. அவங்க இறங்கின மறுநாள் மனைவி மெத்தையைத் தூக்கினா, தோள் வர்ற இடத்துல அதே கருப்புப் புள்ளி, உள்ளங்கை அளவுக்கு. "இதுக்கும் வலை போட்டுடலாம்ங்க"ன்னா. ஜிப்பைத் திறந்து, அடித்தகடு தையலை மட்டும் பிரிச்சு எடுத்து, புதுசா வாங்கின கண்ணித்துணில அதே ஷீட்டை வச்சு வரைஞ்சிருக்கேன். நாளைக்கு அலை கம்மியா இருந்தா தைக்கணும்.